தெரியுது சார்

கடலூர்க் கடைக்காரர்கள் மரியலூர்துவுக்கு வைத்திருந்த பெயர்களை அச்சில் ஏற்ற முடியாது. எடைக்கல்லுக்கும் தராசுக்கும் முத்திரை போடும் ஆய்வாளர் அவர். தட்டுக்கு அடியில் புளி ஒட்டுகிறவனையும், நிறுக்கும்போது சுண்டு விரலால் தட்டை அழுத்துகிறவனையும் அவர் திருடனாகக்கூட மதித்ததில்லை. திருடக் கொஞ்சமாவது தைரியம் வேண்டும், இந்த ஜென்மங்களுக்கு அதுவும் கிடையாது என்பார்.

போன வருஷம் ஆலப்பாக்கம் அருகே, கொட்டுகிற மழையில் குறுக்கே வந்த மாட்டின் மீது பைக்கை விட்டு முதுகெலும்பை முறித்துக்கொண்டார். தண்டுவடத்தில் அடி. தொப்புளுக்குக் கீழே உடம்பு இருப்பதே தெரியாமல் போயிற்று. வாய் மட்டும் அப்படியே இருந்தது.

அந்த வாயோடுதான் வாரா வாரம் வேனில் சிதம்பரம் போய்வந்தார். அண்ணாமலை நகரைத் தாண்டி டாக்டர் இளவரசு என்பவர் புதிதாக ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கியிருந்தார். முதுகில் பட்டை ஒட்டி, தோல் வழியாகத் தண்டுவடத்துக்கு லேசாக மின்சாரம் கொடுப்பார்கள். செத்துவிட்டதாக நினைக்கும் நரம்புகளில் சிலது தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது, தட்டினால் எழும் என்பது டாக்டரின் கட்சி. அதில் மரியலூர்துவுக்கு ஆட்சேபம் இல்லை. எழுந்ததா என்று பார்க்கிற லட்சணத்தைத்தான் அவரால் சகிக்க முடியவில்லை.

நோயாளியைக் கண்ணை மூடச் சொல்வார்கள். டாக்டர் குண்டூசியால் தொடையில் குத்தி, "இப்பத் தெரியுதா?" என்பார். இடம் மாற்றிக் குத்தி மறுபடியும் "இப்பத் தெரியுதா?" பக்கத்துக் கட்டில்களில் நடப்பதை மரியலூர்து உற்றுப் பார்த்துவிட்டார். குத்தாமல் ஒரு தடவைகூட அந்தக் கேள்வி வந்தது கிடையாது. கேள்வி வந்தால் ஊசியும் வந்துவிட்டது என்று கட்டிலுக்கே தெரியும்.

பக்கத்துக் கட்டில்காரர் குமராட்சி காத்தவராயன். தென்னை மரத்திலிருந்து விழுந்தவர். டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் "தெரியுது சார்" என்று முந்திக்கொள்வார்.

"நெசமாவே தெரியுதாய்யா?" என்று ஒரு நாள் மடக்கினார் மரியலூர்து.

"எங்கண்ண தெரியுது? அவ்ளோ பெரிய டாக்டரு, குனிஞ்சி நம்ம கால புடிச்சிகிட்டு கேக்கறாரு. மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொன்னா மனசு ஒடஞ்சிட மாட்டாரா?"

மரியலூர்து தலையில் அடித்துக்கொண்டார். இடுப்புதானே ஒடிந்தது, மூளைக்கு என்ன கேடு என்று கேட்க வாய் வரை வந்தது. பாவம் என்று விட்டுவிட்டார். டாக்டரை விடவில்லை.

"சார், நடுவுல குத்தாமயும் கேளுங்க. அப்பதான் எவன் சும்மா சொல்றான்னு வெளங்கும்."

டாக்டர் அழகாகச் சிரித்தார். "பேஷன்ட சந்தேகப்படக் கூடாதுங்க. நம்பிக்கைதான் பாதி மருந்து."

புளி ஒட்டிய மளிகைக்காரன் ஒவ்வொருவனும் அவரிடம் நம்பிக்கையைப் பற்றித்தான் பேசியிருக்கிறான்.

அன்று கிளம்பும்போது, பயிற்சி கொடுக்கும் சிந்துஜா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அடுத்த வாரத்தோட, முன்னேற்றம் இருக்கறவங்களுக்கு மட்டும்தான் சார் சிகிச்சை. மத்தவங்கள நிறுத்திடுவாங்க." அங்கே இதுவரை 'இல்ல' என்று சொன்ன ஒரே ஆள் மரியலூர்துதான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஞானமேரி பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு தடவ தெரியுதுன்னா ஒங்க வாயில இருந்து முத்தா உதுந்துடும்? இத விட்டா நமக்கு வேற எடம் ஏதுங்க?"

"பொய்க் கல்லுக்கு நான் முத்திர குத்த மாட்டேன், மேரி."

அவள் வாரம் முழுக்க அழுதாள். அவருக்கும் பயம் இல்லாமல் இல்லை. வேறு இடம் ஏது என்பது அவருக்கும் தெரியும்.

அடுத்த வாரம் கண்ணை மூடிப் படுத்தார். "இப்பத் தெரியுதா?" "இல்ல." "இப்ப?" "இல்ல." பிறகு இடது தொடையின் மேல்புறம், கட்டெறும்பு கடித்ததுபோல் சுருக்கென்றது. டாக்டரின் கேள்வி அதற்கு அப்புறம்தான் வந்தது.

"தெரியுது."

கண்ணைத் திறந்தார். டாக்டர், "வெரி குட்! நான் சொல்லல?" என்று தோளில் தட்டினார். சிந்துஜா குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டாள். காத்தவராயன் கண்ணடித்தார். "இப்பதாண்ண ஒங்களுக்கு நல்ல புத்தி வந்துச்சு."

மரியலூர்துவுக்கு உச்சந்தலை எரிந்தது. "சார், திரும்பச் செய்யுங்க. கேக்காம குத்துங்க. குத்தாம கேளுங்க."

"எதுக்கு சார்? நாங்க நம்புறோம்."

"நீங்க நம்ப வேணாம் சார், சோதிங்க!"

டாக்டர் அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார். ஒரே ஒரு நல்ல கல்லைப் பொய்க் கற்களோடு சேர்த்துக் கொட்டிவிட்டு, மொத்தத்தையும் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தார் அந்த மேதை.

வேன் புதுச்சத்திரம் தாண்டும்வரை மரியலூர்து திட்டிக்கொண்டே வந்தார். வழக்கமாக "போதுங்க" என்று அடக்குகிற ஞானமேரி பக்கத்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "படிச்சவனாம், ஆராய்ச்சியாம், ஒரு குண்டூசியப் புடிக்கத் தெரியல" என்று அடுத்த சுற்றை ஆரம்பித்தார். திடீரென்று அலறினார்.

"ஆ! ஏண்டி குத்தற?"

ஞானமேரி கையில், வளையலில் கோத்து வைத்திருந்த ஊக்கு. அதன் முனை அவருடைய இடது தொடையில் இருந்தது.

"இல்லங்க... எனக்காக நீங்களும் பொய் சொல்லிட்டீங்களோன்னு..." மேலே பேச முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

இத்தனை வருஷம் கூட இருந்தவளே தன்னை நம்பவில்லை. அது அவருக்கு அவ்வளவு இனித்தது. காலையிலிருந்து எல்லாரும் நம்பித் தொலைத்த பிறகு, நம்பாமல் சோதித்துப் பார்க்க ஒருத்தி இருந்தாளே!

கண்ணை இறுக மூடிக்கொண்டார். "இன்னொரு தடவ, மேரி. சொல்லாம குத்து. குத்தாம சும்மாவும் இரு."

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அங்க!" என்றார். சரியாக இருந்தது.

இருவரும் பைத்தியம்போல் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்த பிறகுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. இந்த உணர்ச்சி முதுகில் ஒட்டிய பட்டையால் வந்ததா, தானாகவே வந்ததா, எல்லாரும் 'தெரியுது' சொல்லிவைத்த இடத்தில் இனி யார் பிரித்துச் சொல்ல முடியும்? சொல்லியிருக்க வேண்டிய மடையனின் கைக்கே அது இன்று காலை வந்தது. அவன் "வெரி குட்" சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டான்.