பனிப்பாலத்தின் கடைசிப் பதினாறு பக்கங்கள்

அண்ணனுக்கு ஒன்பது மணிக்கு நெஞ்சைத் திறப்பதாக இருந்தது. எட்டேகாலுக்கு நான் வார்டுக்குள் நுழைந்தபோது சட்டைக்குள் ஒரு புத்தகம் இருந்தது. அதன் முடிவைப் படித்துவிட்ட பயமும் கூடவே இருந்தது.

ஏற்கெனவே இரண்டு முறை ஆபரேஷன் நாளன்று அவன் நழுவிவிட்டான். முதல் முறை கழிவறைக்குப் போவதாகச் சொல்லி, இரண்டாம் முறை சொல்லாமலே. ஓடுகிற எஞ்சினுக்கு அடியில் தலையை நீட்டுகிற லாரி மெக்கானிக், வெள்ளைக் கோட்டைக் கண்டால் ஓட்டமெடுப்பான். இன்னொரு தடவை தள்ளிப்போட்டால் உயிருக்குத் தான் பொறுப்பில்லை என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அண்ணி என்னைப் பிடித்துக்கொண்டாள், நான் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். அவன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: "பனிப்பாலத்துல என்ன ஆச்சுன்னு தெரியாம நான் மயக்க ஊசி போட்டுக்க மாட்டேன்."

கேட்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ‘பனிப்பாலத்தில் பழி’ நாற்பது வருடத்துக்கு முந்தைய குங்ஃபூ நாவல். சாணித்தாள், நூற்று இருபத்தெட்டுப் பக்கம், அட்டையில் பறந்து உதைக்கும் ஒருவன். அவன் கால் அவனைவிட நீளம். கதாநாயகன் பெயர் சாம்பல் நாரை. குருவைக் கொன்ற இரும்புக் கைக்காரனைத் தேடிப் பனிமலை வரை போவான். பக்கத்துக்கு ஓர் உதை, அத்தியாயத்துக்கு ஓர் எலும்பு. அதை இலக்கியம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பட்டறையில் நாள் முழுக்கத் திட்டு வாங்குகிற ஒருவனுக்கு, அடி வாங்கியவன் எழுந்து நின்று திருப்பிக் கொடுக்கிற ஓர் உலகம் அரைமணி நேரம் கையில் கிடைத்தது. அது சின்ன விஷயமா என்ன?

முடிவு தெரியாமல் போனதற்குக் காரணம் நான்தான். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், நாற்பது வருடமாகக் குத்திக்காட்டுகிறார்கள். அப்போது நான் அச்சகத்தில் புத்தகம் அடுக்குகிற வேலையில் இருந்தேன். பதினாறு பதினாறு பக்கமாக மடித்த எட்டுக் கட்டுகளை வரிசையாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். வைக்கிற ஆள் படிக்கக் கூடாது. நான் படித்தேன். ஏழாவது கட்டில் சண்டை சூடுபிடித்த ருசியில், அதையே இரண்டு முறை எடுத்து வைத்துக்கொண்டே போனேன். எட்டாவது கட்டு மேஜையிலேயே கிடந்தது. ஒரு வண்டி நிறையப் புத்தகம் அப்படியே வெளியே போனது, மறு வாரம் நானும் போனேன். அண்ணனிடம் இருந்த பிரதியும் அதே லட்சணம்தான். நாரை பாலத்தில் கால் வைப்பான், பக்கத்தைத் திருப்பினால் மறுபடி மலையடிவாரத்தில் நிற்பான்.

இருபது நாள் நாயாக அலைந்து, அன்று காலை ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரிடம் நல்ல பிரதியை வாங்கினேன். பஸ்ஸில் நின்றபடியே கடைசிப் பக்கங்களைப் படித்தேன். பாலம் உடைகிறது. நாரை பள்ளத்தில் விழுகிறான். முற்றும். எழுதிய புண்ணியவான் எதிரில் வந்திருந்தால் நானே இரண்டு போட்டிருப்பேன்.

"கிடைச்சுதாடா?" என்றான் அண்ணன். பச்சை அங்கியில், கட்டிலின் விளிம்பில், செருப்பைக் காலில் மாட்டியபடி உட்கார்ந்திருந்தான். எனக்கு அந்தச் செருப்பே போதுமான செய்தி.

"கிடைச்சுது. ஜெயிச்சுட்டான்."

"சும்மா சொல்லாத. படி."

கதவருகே நின்ற அண்ணி என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்தை என் பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். அதாவது, புளுகத் தொடங்கினேன். "பனிக்காற்று வீசியது. இரும்புக் கைக்காரன் பாய்ந்தான். நாரை இமைக்காமல் நின்று, தன் வலது கையை வாளென வீசி..."

"நிறுத்து."

நிறுத்தினேன்.

"எண்பத்தெட்டாம் பக்கத்துல அவனுக்கு வலது கை ஒடிஞ்சிடுச்சு. சிறுத்தைச் சகோதரர்கள் ஒடிச்சாங்க. எதை வீசுறான்?"

தேடுவதுபோல் பக்கத்தைப் புரட்டினேன். "அது... கட்டுப் போட்டுக்கிட்டு..."

"செத்துட்டானா?"

அண்ணி "தம்பி, சொல்லாதீங்க" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். காரியம் கெட்டது. அண்ணன் எழுந்தான். அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். அண்ணன் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தான், அதன் பக்கத்தில் இருந்த இடைவெளியைப் பார்த்தான். ஓர் ஆள் புகுந்து ஓடுவதற்கு அது தாராளம்.

"உள்ளதை உள்ளபடி படி" என்றான்.

எனக்கு வேறு வழி இருக்கவில்லை. படித்தேன். பாலம் உடைந்ததை, இருவரும் கட்டிப் புரண்டதை, நாரையின் குல்லாய் பனியில் கிடந்ததை, பள்ளத்தை மூடுபனி மூடியதை. ‘முற்றும்’ என்பதையும் படித்தேன். ஊழியர் கடிகாரத்தைப் பார்த்தவர், கதை கேட்டபடி நின்றுவிட்டார்.

"பிணம்?" என்றான் அண்ணன்.

"என்ன?"

"பிணத்தைக் காட்டினாங்களாடா? யாராவது கீழ இறங்கிப் பார்த்தாங்களா?"

நூற்று இருபத்தைந்தாம் பக்கத்திலிருந்து விரலை ஓட்டினேன். மூடுபனி இருந்தது, குல்லாய் இருந்தது, பிணம் இல்லை. "இல்லண்ணே."

"பிணத்தைக் காட்டலேன்னா சாகலன்னு அர்த்தம். இத்தனை புத்தகம் படிச்சும் இது தெரியல உனக்கு. ரெண்டாம் பாகம் இருக்கா?"

தபால்காரரிடம் நான் அதைத்தான் முதலில் கேட்டிருந்தேன். இந்த ஆசிரியர் அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று அவர் கையை விரித்துவிட்டார்.

"இருக்கு" என்றேன். "அவர்கிட்டயே இருக்கு. சாயங்காலம் தரேன்னாரு."

அண்ணன் என் முகத்தையே பார்த்தான். நான் மூச்சு விடவில்லை. பிறகு செருப்பைக் கழற்றி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, யாரும் தொடுவதற்கு முன் தானே ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தான். அண்ணி அழுதுகொண்டே போர்வையை இழுத்துவிட்டாள்.

ஆறு மணி நேரம். நானும் அண்ணியும் ஆபரேஷன் அறை வாசலில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் எழுந்து நின்றோம், வேறு யாருக்காகவோ திறந்தது என்று தெரிந்ததும் உட்கார்ந்தோம். கடைசியில் டாக்டர் வந்து தலையாட்டியபோது அண்ணி என் தோளில் ஓங்கி அடித்தாள், சந்தோஷத்தில்தான்.

மறுநாள் மதியம் ஒருவரை மட்டும் உள்ளே விட்டார்கள். அண்ணி என்னைப் போகச் சொன்னாள். தொண்டையிலிருந்து குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். அண்ணன் கண்ணைத் திறந்தான். நான் தயாராக வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். "அண்ணே, மன்னிச்சுக்க. ரெண்டாம் பாகம்னு ஒண்ணு கிடையாது. பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்டா" என்றான், கரகரத்த குரலில். "நாற்பது வருஷமா நான் விசாரிக்காத கடையா? முதல் பாகமே முழுசா சிக்கல. எழுதின ஆளு ரெண்டாம் பாகம் எழுதவே இல்ல."

"அப்புறம் ஏன் உள்ள போன?"

அவன் மெல்ல என் பக்கம் தலையைத் திருப்பினான். "உன் மூஞ்சியப் பார்த்தேன். நான் ஓடியிருந்தா நீ அங்கேயே விழுந்திருப்ப."