அவர் மாட்டிய வில்பட்டை

விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்ட கணவருக்குச் சட்டை மாட்டிவிட்டாள். மேல் பொத்தானைப் போடத்தான் கை வரவில்லை. உயிரோடிருந்த வரை அதைப் போட விடமாட்டார். மூச்சு முட்டுகிறது என்பார். இனி என்ன முட்டப்போகிறது? ஆனாலும் அப்படியே விட்டாள்.

அப்போதுதான் பட்டறை மேஸ்திரி வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். நம்ம ஆள் ஒருத்தர் போனா, அடக்கம் முடியறவரைக்கும் பட்டறையில சத்தமே கூடாது. எல்லாத்தையும் நிறுத்திட்டோம். அண்ணன் மெஷின் மட்டும்தான் ஓடுது... அவர் மாட்டின பட்டை இன்னும் உடையல."

மோட்டார் வண்டிகளுக்கு அடியில் வைக்கும் வில்பட்டைகளைச் சோதிப்பதுதான் அவர் வேலை. குண்டும் குழியுமான சாலையில் வண்டி குதிப்பதுபோல் இயந்திரம் பட்டையை அமுக்கும், விடும், மறுபடி அமுக்கும், உடையும் வரை. நடுவில் நிறுத்தினால் இரும்பு இளைப்பாறிக்கொள்ளும், சோதனை செல்லாது என்பார். தன் கல்யாணத்துக்கே அப்படித்தான் தாமதமாக வந்து சேர்ந்த மனுஷர். 'உடைக்கிறதுக்குச் சம்பளம் வாங்குறார்' என்று அவள் அக்கம்பக்கத்தில் கேலி பேசியதுண்டு.

இப்போது ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஊர்ல எல்லாருக்கும் நிறுத்தினீங்க. என் மனுஷனுக்கு மட்டும் அந்த மரியாதை இல்லையா?"

"நீங்க சொன்னா இப்பவே நிறுத்திடறேன் அண்ணி. ஆனா இத்தனை நாள் அவர் நின்னதெல்லாம் வீணாப் போயிடும். நீங்கதான் சொல்லணும்."

அவளே போய்ப் பார்த்தாள். தெருக்கோடிதான், இத்தனை வருஷத்தில் உள்ளே கால் வைத்ததில்லை. பெரிய கூடத்தில் எல்லாம் அசையாமல் கிடக்க, ஒன்று மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புத் தகடுகள். ஒரு வண்டியின் சுமை அவற்றின்மேல் இறங்கியது. தட்டையாகிப் போயின. அவ்வளவுதான் என்று நினைத்தாள். எழுந்தன. மறுபடி இறங்கியது, மறுபடி எழுந்தன. இதைப் பார்த்துக்கொண்டா ஒரு மனிதர் ஆயுசு முழுக்க நின்றார்! அவளுக்கு மெய்சிலிர்த்தது. கை தானாகக் குவிந்தது.

"ஓடட்டும்," என்றாள். "பக்கத்துல யாராவது நில்லுங்க. அவர் அதைத் தனியா விடமாட்டார்."

மாலையில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டறையைக் கடந்தார்கள். ஜன்னல் வழியாக அந்த ஒரு சத்தம் மட்டும் தெருவுக்கு வந்தது. அதுவரை முன்னும் பின்னுமாய்த் தடுமாறி வந்த கால்கள் அங்கே அந்தச் சத்தத்தின் தாளத்துக்கு ஒன்றாக விழத் தொடங்கின. மூலை திரும்பிய பிறகும் யாரும் நடையை மாற்றவில்லை.