வனிதா டீச்சரின் மெல்லிய ஷூ

கோவில்பட்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருபது வருடமாகச் செருப்புக்கடை வைத்திருக்கும் இசக்கிதுரையின் வீட்டுக்கே ஆன்லைனில் ஒரு ஷூ பார்சல் வந்து இறங்கியது. வரவழைத்தவள் அவன் மனைவி வனிதா. பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. பாதி நாள் ஹாக்கி மைதானத்தில்தான் நிற்பாள். ஆறு மாதமாகக் குதிகால் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது அவள் முகம் சுருங்குவதைப் பார்த்து, மெத்தை வைத்த ஷூவாக மூன்று ஜோடி கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்திருந்தான். வலி குறையவில்லை.

பார்சலைப் பிரித்தான். அப்பளம் போல் மெல்லிய அடி. குதிகாலில் மேடே கிடையாது. முன்பக்கம் மட்டும் நல்ல அகலம்.

"ஏட்டி, இதுக்கு வெறுங்காலோடயே நடந்துட்டுப் போயிரலாமே?"

"அதுக்குத்தாங்க இது. விரலு விரிஞ்சு நிக்கணும், பாதம் வேலை செய்யணும். நீங்க தார ஷூவுக்குள்ள என் காலு தூங்கில்லா போகுது."

கடைக்காரனுக்குச் சுருக்கென்றது.

முதல் வாரம் பத்து நிமிடம் மட்டும் அதைப் போட்டு மைதானத்தைச் சுற்றினாள். அடுத்த வாரம் பதினைந்து. கெண்டைக்கால் பிடித்துக்கொண்ட நாட்களில் கழற்றி வைத்துவிடுவாள். இரண்டு மாதத்தில் குதிகால் வலி போன இடம் தெரியவில்லை. ஒற்றைக் காலில் நின்று மறு காலுக்கு சாக்ஸ் போடும்போது முன்பெல்லாம் சுவரைப் பிடிப்பாள். இப்போது பிடிப்பதில்லை என்பதை இசக்கிதுரை கவனித்தான்.

அந்தத் தெம்பில்தான் வனிதா தப்புச் செய்தாள். பழைய மாணவிகளோடு நடந்த ஆட்டத்தில், வெயிலில் இறுகிக் கிடந்த தரையில் அந்த ஷூவோடு முழு ஆட்டமும் ஓடினாள். அடுத்த நான்கு நாளும் ஓடினாள். ஐந்தாம் நாள் புறங்கால் வீங்கிவிட்டது. எக்ஸ்ரே பார்த்த எலும்பு டாக்டர், இரண்டாவது விரலுக்குப் பின்னால் உள்ள எலும்பில் மயிரிழை போல் விரிசல் என்றார். ஆறு வாரம் ஓய்வு.

"நான் அன்னைக்கே சொன்னேம்லா. அதைத் தூக்கித் தூரப் போடு" என்றான் இசக்கிதுரை.

"ஷூ மேல தப்பில்லங்க. இத்தனை வருசம் மெத்தையில கெடந்த காலு. ரெண்டு மாசத்துல எல்லாம் பழகிட்டுன்னு நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

ஆறு வாரமும் மைதான ஓரத்தில் நாற்காலி போட்டு விசிலோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு டாக்டரைக் கேட்டுக்கொண்டு மறுபடியும் பத்து நிமிடத்திலிருந்து தொடங்கினாள். காலண்டரில் பென்சிலால் நிமிடத்தைக் குறித்து வைப்பாள். வலி எட்டிப் பார்த்தால் மறுநாள் குறைத்துக்கொள்வாள். சரளைக்கல் பாதையில் கூச்சப்படாமல் தடித்த ஷூவையே போட்டுக்கொள்வாள். ஐந்து மாதம் அப்படி. புது வருடத்தில் எடுத்த எந்தச் சபதத்தையும் பொங்கல் வரை கொண்டுபோகாத இசக்கிதுரை, மனதுக்குள் அவளைக் கும்பிட்டான். வெளியே சொல்லாமல், அதே மாதிரி ஷூவில் ஆறு ஜோடி வாங்கிக் கடையில் வைத்தான்.

ஒரு சனிக்கிழமை மாலை கடம்பூர்ப் பக்கம் கரிசல் காட்டில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வேல்சாமி கடைக்கு வந்தார். வனிதாவும் கடையில் இருந்தாள்.

"டீச்சருக்குக் காலு வலி போயிட்டாம்லா. எனக்கும் அதுல ஒண்ணு எடுங்க."

இசக்கிதுரை பெட்டியை எடுக்கத் திரும்பினான். வனிதா தடுத்தாள்.

"அண்ணாச்சி, உங்களுக்குச் சுகர் இருக்கா?"

"பன்னெண்டு வருசமா இருக்கு. காலு கொஞ்சம் மதமதன்னு இருக்கும். வேற ஒண்ணுமில்ல."

அவரை ஸ்டூலில் உட்காரவைத்துக் கீழே அமர்ந்தாள். அவர் பதறிக் காலை இழுத்துக்கொண்டார். "ஐயோ டீச்சர், காலைப்போய் தொடுதீங்களே!"

"இருக்கட்டும். கண்ணை மூடுங்க. நான் தொடும்போது சொல்லுங்க."

விரல் நுனியால் அவருடைய ஒவ்வொரு விரலையும் மெல்லத் தொட்டாள். பத்தும் முடிந்தது. வேல்சாமி கண்ணை மூடியபடியே கேட்டார். "எப்பத் தொடுவீங்க?"

வனிதா பாதத்தைத் திருப்பினாள். வெடிப்பெல்லாம் கரிசல் மண். பெருவிரலுக்குக் கீழே வேலிக்கருவை முள் ஒன்று ஒடிந்து உள்ளே இருந்தது. சுற்றிலும் சீழ்.

"காட்டுல எப்பக் குத்துச்சோ, தெரியலயே" என்றார் வேல்சாமி, யாருடைய காலையோ பார்ப்பதுபோல.

"எனக்குக் குத்தினா அடுத்த அடி வைக்காம நின்னுருவேன். உங்களுக்குக் குத்தினதே தெரியல. இந்த ஷூ உங்களுக்கு ஆகாது அண்ணாச்சி. வாங்க, முதல்ல டாக்டர்ட்ட போவோம்."

முள்ளை அவள் பிடுங்கவில்லை. சுத்தமான துணியைச் சுற்றி, ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனாள். வாடிக்கையாளர்கள் இருவர் காத்திருந்தார்கள். இசக்கிதுரை ஸ்கூட்டர் மறையும் வரை கடை வாசலிலேயே நின்றான்.

புண் ஆற ஒரு மாதம் ஆனது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றாராம் டாக்டர். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வேல்சாமி வந்தபோது, மெத்தென்ற தடித்த அடியும் மூடிய முன்பக்கமும் உள்ள ஒரு ஜோடியைத் தேடி எடுத்தான் இசக்கிதுரை. தானே தரையில் குந்தி, அவர் காலைப் பிடித்து மாட்டிவிட்டான்.