எதிர்ப்பக்கத்து விரல்கள்

அலுவலகத்தில் அவருக்கு லினக்ஸ் சாமியார் என்று பெயர். கம்ப்யூட்டரை இயக்க ஊரெல்லாம் ஒன்றைப் பயன்படுத்தினால் இவர் லினக்ஸைத்தான் கட்டிக்கொண்டு அழுவார், யாரிடமும் அதிகம் பேசமாட்டார், வீட்டில் தனி ஆள். மூன்றையும் சேர்த்து யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. வேலை, கம்ப்யூட்டர் ரிப்பேர். மனைவியும் மகளும் வேறு வீட்டுக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பத்திலிருந்து மாலை நாலு வரை, மகள் வருவாள். பத்து வயது. பிறந்தபோது உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்ததால் சுண்டு என்று கூப்பிட ஆரம்பித்தார், இன்றுவரை அதேதான்.

போன முறை வந்தபோது சுண்டு முக்கால்வாசி நேரம் போனிலேயே இருந்தாள். சாமியாரும் லேசுப்பட்டவர் இல்லை, அவர் பாட்டுக்கு லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் அவளுடைய அம்மா போன் செய்தாள்.

"இனிமே வரணுமா வேண்டாமான்னு அவளே முடிவு பண்ணட்டும். அடுத்த தடவை வந்துட்டுப் போனதும் கேக்கறேன். நான் எதுவும் சொல்லித்தர மாட்டேன். நீங்களும் கெஞ்சாதீங்க."

நியாயமான பேச்சு. அதனால்தான் சுருக்கென்று தைத்தது. சாமியாருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

வேறு அப்பாவாக இருந்தால் பூங்காவுக்குக் கூட்டிப்போகலாமா என்று யோசித்திருப்பார். இவர் யோசித்தது ஒரு மேஜையை. மூடிவிட்ட கண்காட்சிக் கூடம் ஒன்றில் கழித்துப் போட்ட தொடுதிரை மேஜை, அவர் வீட்டில் கிடந்தது. எதிரும் புதிருமாக இரண்டு பேர் உட்கார்ந்து அதன் கண்ணாடி மேல் விரலால் படம் வரையலாம். இரண்டு கையும் மேஜை மேல் இருந்தால் போனை எந்தக் கையால் பிடிப்பாள்? இதுதான் அவர் போட்ட கணக்கு.

மேஜை லேசில் மசியவில்லை. லினக்ஸ் அதை வெறும் மவுஸ் என்று நினைத்துக்கொண்டது. ஒரு விரல் வைத்தால் தெரியும், இரண்டாவதை வைத்தால் முதலாவது காணாமல் போய்விடும். மூன்று வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். மேஜையைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கிற டிரைவர் நிரலைத் திருத்தினார், இரண்டு தடவை எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், பத்து விரலையும் வைத்தார். திரையில் பத்து வண்ணப் புள்ளிகள். வாயெல்லாம் பல்லாகிவிட்டது. கூப்பிட்டுக் காட்டத்தான் ஆள் இல்லை. அன்றைக்கே படம் வரைய ஒரு சின்ன நிரலும் எழுதினார். ஒரு விரலால் வரையலாம், இரண்டு விரலை விரித்தால் படம் பெரிசாகும். எல்லாவற்றையும் தன் இரண்டு கையாலும் சோதித்துப் பார்த்துத் திருப்தியானார்.

ஞாயிறு சுண்டு வந்தாள். "அப்பா! இவ்ளோ பெரிசா!" என்று போனைப் பைக்குள் போட்டாள். சாமியாருக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு பூனை வரைந்தாள். இவர் இந்தப் பக்கமிருந்து வால் வரையலாம் என்று விரலை வைத்தார். பூனை ஊதிப் பெருத்துத் திரையை விட்டே ஓடிவிட்டது. மறுபடி வைத்தார், மறுபடி ஓடியது.

காரணம் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. இரண்டு விரல் என்றால் அது ஒரே ஆளுடைய விரல்கள் என்று நிரலில் எழுதியவரே அவர்தான். மூன்று வருஷமாக அந்த வீட்டில் வேறு விரல் ஏது, தோன்றுவதற்கு?

மாற்றி மாற்றி வரைந்திருக்கலாம். குழந்தைக்கு அது போதும். ஆனால் பழுது ஒன்றைக் கண்டுவிட்டால் சாமியாருக்குக் கண் மண் தெரியாது. ஒவ்வொரு தொடுதலையும் நேரத்தோடு பதிந்துவைக்கிற கருவி ஒன்று லினக்ஸில் உண்டு. பிறகு ஓட்டினால், அதே விரல் அதே வேகத்தில் திரும்ப வந்து தொடுகிற மாதிரி நடக்கும். அதை ஓடவிட்டு, சுண்டுவை இன்னொரு பூனை வரையச் சொன்னார். பிறகு நிரலை மூடினார். திரை கறுத்துவிட்டது. ஓரத்து மேஜையிலிருந்த கீபோர்டுப் பக்கம் திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"அப்பா, இங்க வாங்களேன்."

"இரும்மா, ஒரே நிமிஷம்."

அந்த ஒரே நிமிஷம் நாலு மணிக்கு அவளுடைய அம்மா வந்து அழைப்பு மணி அடிக்கும்வரை நீண்டது. "அடுத்த மாசம் பக்காவா இருக்கும், பாரு," என்றார். "சரிப்பா," என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

திங்கள் வேலை முடிந்து வந்ததும் பழுதைச் சரிசெய்துவிட்டார். சோதித்துப் பார்க்க எதிர்ப்பக்கத்தில் ஒரு கை வேண்டும். பதிவை ஓட்டினார். ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் சுண்டுவின் பூனை கோடு கோடாக முளைத்தது. இவர் இந்தப் பக்கமிருந்து வால் வரைந்தார். பூனை அசையவில்லை. அவ்வளவுதான், ஜெயித்தாயிற்று.

ஆனால் பதிவு நிற்கவில்லை. நேற்று அதை நிறுத்த மறந்திருக்கிறார். திரை கறுத்திருந்தாலும் கண்ணாடி விழித்துத்தான் இருந்திருக்கிறது. புதிதாகக் கோடுகள் வந்தன. ஒன்பது கட்டம். நடுக்கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி. எக்ஸ்-ஓ ஆட்டம். ஒரே வீட்டில் இருந்த நாளிலிருந்து பெருக்கல் அவளுக்கு, வட்டம் அப்பாவுக்கு.

அப்புறம் ஒன்றும் வரவில்லை. முடிந்துவிட்டது என்று கையை எடுக்கப்போனார். இவர் பக்கமாக இருந்த கட்டத்தில் டக் டக்கென்று இரண்டு புள்ளிகள் தோன்றி மறைந்தன. கூப்பிட்டிருக்கிறாள். மறுபடி ஒன்றுமில்லை. அவள் காத்திருந்த நேரத்தை அவரும் காத்துத்தான் ஆகவேண்டியிருந்தது. கடைசியில் வட்டத்தையும் அவளே போட்டாள். பெருக்கல், வட்டம், பெருக்கல், வட்டம் என்று விறுவிறுவென்று ஆடினாள். வட்டம் ஜெயித்தது. அதன் மேல் ஒரு கோடும் இழுத்தாள். எழுந்தே வராத அப்பாவை அவள் ஜெயிக்கவைத்திருக்கிறாள்.

சாமியார் அழுதார். மூக்கைத் துடைத்துக்கொண்டு போன் செய்தார். அம்மா எடுத்து அவளிடம் கொடுத்தாள்.

"சுண்டு, உன் எக்ஸ்-ஓ ஆட்டத்தைப் பார்த்தேன்டா."

"எப்டிப்பா? ஸ்க்ரீன்ல ஒண்ணுமே தெரியலயே."

"பதிவாயிருக்கு."

"நான் எவ்ளோ நேரம் வெயிட் பண்ணேன் தெரியுமா?"

"நாலு நிமிஷம், பன்னெண்டு செகண்ட்."

பதிவிலிருந்த கணக்கை அப்படியே படித்துச் சொன்னார்.

"அடுத்த மாசம் வர்றியாம்மா?" கெஞ்சக் கூடாது என்று சொல்லியிருந்தும் கேட்டுவிட்டார்.

"அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்பா."

அம்மாவிடம் கேட்க அதில் ஒன்றுமில்லை. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "சரிம்மா, கேட்டுச் சொல்லு," என்றார்.

போனை வைத்துவிட்டுப் பதிவை முதலிலிருந்து ஓட்டினார். பூனை வந்தது, கட்டம் வந்தது, பெருக்கல் வந்தது. புள்ளிகள் இரண்டு தடவை தட்டின. இந்த முறை அவர் தன் விரலை நீட்டி ஓரக்கட்டத்தில் வட்டத்தைப் போட்டார். மேஜை இரண்டு பேர் விரலையும் தனித்தனியாகப் புரிந்துகொண்டது. ஒரு பழுதுமில்லை.