தலைவர் பெயரில் வெட்டிய காடி

மலாக்கா நீரிணையின்மீது மாலைக் கார்முகில்கள் யானைத்திரளென ஒன்றையொன்று நெருக்கி நிற்க, அலையாத்திக் காடுகளுக்கிடையே சிலாங்கூர் ஆறு தன் கலங்கல் நீரைச் சோம்பலோடு கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருக்க, மெலாவத்தி மலைக் குரங்குகளும் மழைக்கு அஞ்சிக் குடும்பம் குடும்பமாகக் கிளைகளில் ஒடுங்கிய, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்காம் ஆண்டின் ஐப்பசித் திங்கள் அது. ஆற்றுக்கு வடக்கே, செம்பனை நிரைகள் படைவீரர்போல் அணிவகுத்து நிற்கும் சுங்கை மேரா தோட்டத்தில், அன்பார்ந்த வாசகரே, வானத்துக்கும் ஒரு மனிதருக்கும் நான்காண்டுகளாகப் போர் நடந்துவந்தது. வானம் அதை அறிந்திருந்ததா என்பது ஐயத்துக்குரியது.

அம்மனிதர் தோட்ட மன்றத்தின் தலைவர், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி முருகையா. கொட்டாவி விடுவதாயினும் அவையை நோக்கித் திரும்பி நின்று விடும் பெருமகனார். மன்றத்தின் செங்கற்சுவரை அணைத்துத் தகடு வேய்ந்த ஒட்டுக்கூரை ஒன்றை எழுப்பியபோது, அதற்கு உதவினோர் பெயரையெல்லாம் கூரைக்கு மேலே தெரியுமாறு சுவரில் எழுதுவித்தார். ஏனையோர் பெயர் ஒரு செங்கல்லுக்குள் அடங்கும் சிற்றெழுத்து. தலைவர் பெயரோ செங்கல் ஐந்து வரிசைக்கு நிமிர்ந்து, பெருஞ்சாலையில் விரைந்து செல்லும் பேருந்தினரும் படித்து மகிழத்தக்க பேரெழுத்து.

அக்கூரையின்கீழ் இராஜம்மா தையல் வகுப்பு நடத்தினார். பத்தொன்பது பெண்கள், அரசு இரவலாகத் தந்த ஆறு தையற்பொறிகள். மழைதோறும் கூரையும் சுவரும் கூடும் இடுக்கில் நீர் நுழைந்து, சுவர்வழியே பாம்பென நெளிந்திறங்கிப் பொறிகளைத் துருவேற்றியது. சென்றமுறை வந்த அரசு மேற்பார்வையாளர், மீண்டும் ஈரம் கண்டால் ஆறு பொறிகளையும் கோலா குபு பாரு வகுப்புக்கு ஏற்றிவிடுவதாகக் கூறிச் சென்றிருந்தார். அவருடைய அடுத்த வருகைக்கு இன்னும் ஏழே நாள்.

தலைவர் வாளாவிருந்தாரல்லர். ஆண்டுதோறும் அவ்விடுக்கில் சாந்து பூசுவித்தார். பூசுமுன் விழாவும் எடுத்தார். வெயிலில் தகடு விரியும், மழையில் சுருங்கும், சுவரோ அசையாது நிற்கும். ஆதலின் சாந்து பொங்கலுக்குள் பிளக்கும். மறு ஆண்டும் விழா.

ஏணியேறிப் பார்த்த இராஜம்மாவின் கண்ணுக்கு அவ்விடுக்கு இரு துணிகள் கூடும் இடமாகவே தெரிந்தது. பழைய நாளிதழை மடித்து வெட்டி அளவுப்படிவம் ஒன்று செய்துகொண்டு, கோலா சிலாங்கூர்ப் பட்டணத்தில் தகரவேலை செய்யும் ஜக்கரியாவிடம் சென்றார்.

"பாய், சட்டைக் கைய பசை போட்டு ஒட்டுனா நிக்குமா? இந்த மாதிரி மடிச்ச தகடு வேணும். மேல் ஓரம் சுவத்துக்குள்ள செருகணும், கீழ் ஓரம் கூரை மேல படிஞ்சு விழணும்."

ஜக்கரியா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு கல் வரிசைக்கு நடுவுல இருக்கற சாந்த, ரெண்டு விரல் ஆழம் சுரண்டி காடி எடுத்தாப் போதும் டீச்சர். இத்தன வருசமா யாரும் ஒண்ணும் செய்யலியா லா?"

"செஞ்சாங்க. மாலை போட்டுச் செஞ்சாங்க."

மறுநாள் உளியோடு ஏணியில் நின்ற ஜக்கரியாவைக் கண்டு தலைவர் விரைந்து வந்தார். "என் பேர நடுவால அறுக்கப் போறியா பாய்?"

"மத்தவங்க பேரெல்லாம் சின்னதா மேல இருக்கு தலைவரே. உங்க பேருதான் கூரை வரைக்கும் இறங்கி நிக்குது. எங்க அறுத்தாலும் நீங்க வர்றீங்க."

"அப்ப அறுக்க வேணாம். ஞாயித்துக்கிழம சாந்து பூசுற விழா. நானே பேசுறேன்."

ஞாயிறன்று, பூசிய சாந்தின் ஈரம் காயுமுன், கழுத்தில் மாலையும் தோளில் பொன்னாடையும் இலங்க, "இனி இவ்விடுக்கில் ஒரு துளியும் நுழையாது" எனத் தலைவர் அவ்விடுக்கின் நேர்கீழே நின்று முழங்கிய அக்கணமே வானம் திறந்தது. புதுச்சாந்தைக் கரைத்துக்கொண்டு சாம்பல்நிற நீர் அவருடைய வெண்ணிறச் சட்டையில் ஆறு கிளையாகப் பிரிந்து ஓடிற்று. அவையோர் நகைத்தனர்; இராஜம்மாவும் மாணவியரும் நகைக்கவில்லை. கைக்குட்டை, துண்டு, தைத்து முடியாத பாவாடை என அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு பொறிகளை மூட ஓடினர். ஐந்து பொறிகள் மூடப்பட்டன. ஆறாவதற்குத் துணி எஞ்சவில்லை. அதன்மேல் நீர் சொட்டுவதைத் தலைவர் சற்றுநேரம் பார்த்தார். பிறகு தம் தோளின் பொன்னாடையை உருவி அப்பொறியின்மேல் போர்த்தினார். அதுவரை அவர் ஆற்றிய உரைகளுள் அதுவே சிறந்தது.

"டீச்சர், பாய நாளைக்கே வரச் சொல்லு. அறுக்கட்டும்."

"உங்க பேரு, தலைவரே?"

"பேரு துருப்பிடிக்காது. பெயிண்டு வாங்கித் திரும்ப எழுதிக்கலாம் லா."

திங்களன்று காடி வெட்டப்பட்டது. தகடுகளின் மேலோரம் சுவருக்குள் செருகப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்று கையகலம் ஏறிப் படிய, கீழோரம் கூரைமேல் தழைந்து நின்றது. தையல் நேராக விழுந்திருக்கிறதா என்று இராஜம்மா கீழிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து ஒப்புதல் அளித்தார்.

புதனன்று மேற்பார்வையாளர் மழையோடு மழையாக வந்தார். சுவரில் விரலை ஓட்டினார், விரலைப் பார்த்தார், நம்பாமல் மறுமுறை ஓட்டினார், இறுதியில், தம் மகளுக்கு ஒரு பாவாடை தைத்துத்தர எத்தனை நாளாகும் என்று கேட்டார்.

நீரை எதிர்த்து முழங்குவோரை அது நனைத்துவிட்டுப் போகும். அது செல்லும் வழியை அறிந்து மடித்துக் கொடுப்போர்க்கு அடங்கிப் போகும். அன்று பெய்த பெருமழை முழுவதும் அத்தகட்டின்மேல் வழிந்து முற்றத்தைச் சேர, கூரையின்கீழ் ஆறு பொறிகளும் ஒருசேர ஓடிய ஓசையில், மழை எப்போது நின்றதென்பதை எவரும் அறிந்திலர்.