கையைத் தூக்கு, சரசம்மா

எனக்குப் பொறுமை கிடையாது. நடந்த தப்பெல்லாம் அதனால்தான் நடந்தது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓசூர் சிப்காட்டில் சின்ன மோட்டாருக்குக் காயில் சுற்றும் கம்பெனி எங்களுடையது. தொண்ணூற்றிரண்டில் நான் அங்கே லைன் லீடர். காலை ஆறு மணி ஷிப்டுக்கு முன்னால் ஐந்து நிமிடம் எல்லோரும் உடற்பயிற்சி செய்ய வேண்டும். மெஷின் பூட்ட வந்த ஜப்பான்காரர்கள் விட்டுப்போன பழக்கம் அது. பள்ளியில் கபடி ஆடியவள் என்பதால் எண்ணிக்கை சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. நாற்பது பெண்கள் பனியில் நடுங்கிக்கொண்டு என் தொண்டைக்குக் கட்டுப்பட்டு நிற்பார்கள்.

கெலவரப்பள்ளிப் பக்கத்துச் சரசம்மா நாலு மாத லீவு முடிந்து திரும்பினாள். பெங்களூரில் ஆபரேஷன் என்றார்கள். எங்கள் லைனில் ஆபரேஷன் என்றால் கர்ப்பப்பைதான். வேறு எதையும் யாரும் நினைப்பதில்லை. அதனால் எல்லோரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியபோது, இவள் வலது கை மட்டும் தோளுக்கு நேரே நின்றுவிட்டதைப் பார்த்து எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா சரசு, வயித்துலதானே கத்தி வெச்சாங்க? கையிலயா வெச்சாங்க? தூக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தூக்கப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது. நான் அடுத்த எண்ணைச் சொன்னேன்.

ஷிப்ட் முடிந்ததும் உடை மாற்றும் அறையில் என்னைத் தனியாக நிறுத்தி, தாழ்ப்பாள் போட்டு, ஜாக்கெட்டைத் திறந்தாள். வலது பக்கம் மார்பு இல்லை. அக்குள் வரைக்கும் ஓடிய தழும்புதான் இருந்தது.

"கேன்சர் அக்கா. யாருக்கும் சொல்லிடாத. பொண்ணுக்கு இப்பத்தான் எடம் பேசிக்கினு இருக்கறோம். தெரிஞ்சா, ரத்தத்துலயே இருக்குதுன்னு ஓடிடுவாங்க."

என்னை ஓர் அறை அறைந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவள் என்னிடம் கெஞ்சிக்கொண்டல்லவா நிற்கிறாள்!

ஆஸ்பத்திரியில் படம் போட்ட காகிதம் ஒன்று கொடுத்திருந்தார்கள். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏற வேண்டும். தினமும் மூன்று வேளை. செய்யாவிட்டால் தோள் இறுகிவிடும். ஆனால் அவள் வீடு ஒற்றை அறை. ஓர்ப்படியும் பிள்ளைகளும் அதே அறையில். சுவரோரம் நின்றாலே என்ன என்று கேட்பார்கள். காகிதம் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது. முப்பதாம் தேதி கம்பெனி டாக்டர் பார்த்து, வேலைக்கு ஃபிட்டா இல்லையா என்று சொல்லப்போகிறார். கம்பிச் சுருளைத் தலைக்கு மேலிருக்கும் கொக்கியில் மாட்ட முடியாதவளுக்கு லைனில் வேலை இல்லை. இன்னும் இருபத்தாறு நாள்தான் இருந்தது.

மறுநாள் காலை, "தோள் வலிக்குப் புதுசா ஒண்ணு" என்று நாற்பது பேரையும் ஸ்டோர் சுவரைப் பார்த்து நிறுத்தினேன். எல்லோரும் செய்தால் ஒருத்தி செய்வது யார் கண்ணில் படும்? மதுரைப் பக்கத்து சூப்பர்வைசர் பொன்னுசாமி ஓடிவந்தார்.

"என்னம்மா இது, எல்லாரும் பல்லியாட்டம் சுவத்துல ஒட்டிக்கிட்டு? அஞ்சு நிமிசம் எட்டாகிப்போச்சே!"

"தோள் புடிச்சிக்கினு பத்துப் பேரு லீவு போட்டா பரவாயில்லீங்களா சார்?"

முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அவள் விரல் எட்டிய இடத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். நாளுக்கு அரை விரல்கூட ஏறவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீ நேரத்தில் கண் அந்தக் கோட்டுக்கே போகும். பஸ்ஸில் உட்கார்ந்து நாளை எண்ணுவேன். ஒன்பதாம் நாள், பொறுக்க முடியாமல், அவள் முழங்கையைப் பிடித்து மேலே தள்ளிவிட்டேன்.

அடுத்த நாள் கை வீங்கிப்போய் வந்தாள். வளையல் மணிக்கட்டில் புதைந்து கிடந்தது.

"உனக்கு அவசரம்னா உன் கையைத் தூக்கிக்கோக்கா. சதை இழுக்கற வரைக்கும்தான் போவணும், வலிக்கற வரைக்கும் இல்லேன்னு ஆஸ்பத்திரி சிஸ்டர் சொன்னாங்க. என்னை என் பாட்டுக்கு விடு."

வளையலைச் சோப்பு போட்டுக் கழற்றினோம். நாலு நாள் அவளைச் சுவர்ப் பக்கமே விடவில்லை. அதன் பிறகு, அவள் சுவரருகே நிற்கும்போதெல்லாம் என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் விரல்கள் ஏறி, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறும். வேடிக்கை என்னவென்றால், மற்ற பெண்கள் கழுத்துவலி குறைந்துவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நான் எண்ணிக்கை சொல்ல மறந்தாலும் அவர்களே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். இருபத்தெட்டாம் தேதி சரசம்மாவின் விரல் கொக்கி உயரத்தைத் தொட்டது.

முப்பதாம் தேதி டாக்டர் அறை வாசலில் வரிசை. ஏதோ ஒரு ரிஜிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு நானும் போய் நின்றேன். சரசம்மா உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் தலை நிமிரவில்லை. அவள் கொடுத்த காகிதங்களில் தேதியை மட்டும் பார்த்தார். முத்திரையைக் குத்தினார்.

"ஃபிட். அடுத்த ஆள்."

எனக்கு உயிர் வந்தது. ஆனால் சரசம்மா எழுந்திருக்கவில்லை.

"கையத் தூக்கச் சொல்லலீங்களே சார்."

"வேண்டாம்மா. போங்க."

"இருபத்தாறு நாளு சார்," என்றாள். "நீங்க பாக்கணும்னுதான்..."

சட்டென்று எழுந்து நின்று வலது கையைத் தூக்கினாள். தோளைத் தாண்டியது, காதைத் தாண்டியது, மெல்ல மெல்லத் தலைக்கு மேல் போய் நின்றது.

வரிசையில் அடுத்து நின்ற, கம்பெனியைப் பெருக்கும் நாகம்மாள் எட்டிப் பார்த்து, "என்னாடி சரசு, கையிலயா ஆபரேஷன் பண்ணாங்க?" என்று கேட்டாள்.

நான் பதறிப்போய், "ஆமாமா, கையிலதான்" என்றேன்.

"இல்ல நாகம்மா," என்றாள் சரசம்மா. "மார்ல கேன்சர். எடுத்துட்டாங்க. கை தூக்க வராதுன்னு நெனச்சேன். வந்துடுச்சு."

அப்போதுதான் டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் பெண்ணின் சம்பந்தம் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது.

"போதும் சரசு, எறக்கு" என்றேன்.

"இருக்கா," என்றாள். "இன்னும் நல்லா பாக்கட்டும்."