வெள்ளை பூத்த கப்பல்

வலது தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலித்த ஒரு மழைநாளில், பெயின்டர் தன் தங்கை புருஷன் வேலைபார்த்த சரக்குக் கப்பலை மூடுபனிக்குள் தள்ளினான். கடல் அவன் வீட்டிலிருந்து வெகுதூரம். பகலெல்லாம் பட்டறையில் லாரிகளுக்குப் பெயின்ட் அடிப்பான். மாலையில் பின்னறையில் உட்கார்ந்து முழங்கை நீளத்துக்குப் பிளாஸ்டிக் பொம்மைக் கப்பல்களை ஒட்டி, அதே கையால் அவற்றுக்கும் அடிப்பான். புருஷனின் சரக்குக் கப்பலை அச்சு அசலாகச் செய்து தரச் சொல்லித் தங்கை கேட்டிருந்தாள், புருஷன் கடலில் இருக்கும் மாதங்களில் கண்ணெதிரே வைத்துக்கொள்ள. பின்பக்கக் கம்பியோரம் எறும்பு பருமனில் ஒரு ஆளையும் ஒட்டச் சொன்னாள். “மீசை வைக்க மறந்துடாதண்ணே. அப்புறம் யாரோ ஒருத்தனைக் கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கும்.”

மீசையும் வைத்தாயிற்று. மேலே பளபளப்புக்கு அடிக்கிற லாக்கர் பூச்சு ஒன்றுதான் பாக்கி. ஈரக் காற்றில் லாக்கர் அடித்தால் தண்ணீர் பூச்சுக்குள் மாட்டிக்கொண்டு வெள்ளை பூக்கும் என்று பட்டறையில் மற்றவர்களைத் திட்டுகிறவனே அவன்தான். ஆனாலும் தோள் வலித்தது, முடித்துவிட்டுப் படுத்தால் போதும் என்றிருந்தது. அடித்தான். ஸ்ப்ரே கன்னைக் கழுவி முடிப்பதற்குள் கப்பல் முழுக்க சாம்பல் தூவியது போல் வெளுத்துவிட்டது.

அதே மாலை நிஜக் கப்பலுக்குக் கடல் காணாமல் போயிற்று. “மச்சான், முன்னாடி நிக்கிறவன் முதுகு தெரியல. சங்கு ஊதிக்கிட்டே போறோம்” என்று புருஷன் கப்பல் போனில் சொன்னான். பனி விலகவில்லை, கப்பலோடு கூடவே நகர்ந்தது. நல்ல வெயிலில் ஒரு வெள்ளை மூட்டை மிதந்து போவதை மற்றக் கப்பல்கள் பார்த்தன. எந்தத் துறைமுகமும் அதை உள்ளே விடவில்லை. கப்பல் கம்பெனிக்காரர்கள் வானிலை என்றார்கள். பூச்சு காய்ந்துவிட்டதா என்று பெயின்டர் பக்கவாட்டில் கட்டைவிரலை வைத்துப் பார்த்த நாளில், வளையம் வளையமாக வரியோடிய ஒரு சுவர் பனிக்குள்ளிருந்து வந்து கப்பலை அழுத்தியது. கப்பல் சாய்ந்து நிமிர்ந்ததில் சமையல்காரனுக்குக் கை முறிந்தது. அதைக் கேட்ட பிறகு பெயின்டருக்கு எல்லாம் விளங்கியது, தங்கைக்கும்தான். அன்றிலிருந்து அந்த அறையில் யாரும் தும்மவில்லை.

வைத்தியம் தெரிந்ததுதான். வறண்ட நாளில், மெதுவாகக் காயும் தின்னரை மட்டும் ஆவி மாதிரி தூவினால் பூச்சு இளகி ஈரம் வெளியேறிவிடும். ஒரு சொட்டு கூடினால் அடிப் பெயின்டும் சேர்ந்து ஓடும்.

“ஓடிடுச்சுன்னா?” என்றாள் தங்கை.

“லாரின்னா தேச்சு எடுத்துட்டு மறுபடி அடிப்போம்.”

தேய்ப்பதைப் பற்றி அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

கப்பலில் குடிதண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. ஜாடியில் உப்பு கட்டிக்கொள்ளாமல் பொலபொலவென்று உதிர்ந்த அன்று, பெயின்டர் கன்னை எடுத்தான். தங்கை போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்பக்கம் தெளிந்தது. “கொடிமரம் தெரியுது” என்றது போன். நடுப்பக்கம் தெளிந்தது. “வானம் தெரியுது மச்சான், நல்ல நீலம்.” பின்பக்கக் கம்பியருகே வந்தபோது சிவப்புப் பெயின்ட் மயிரிழை நகர்ந்தது. “தரை கொழகொழங்குது மச்சான், காலு உள்ள போகுது” என்றது போன். “போதும்ணே, விட்டுடு” என்றாள் தங்கை. பெயின்டர் கையை எடுத்துவிட்டான். கம்பியோரம் நின்ற ஆளின் தலையைச் சுற்றி மட்டும் வெள்ளை அப்படியே இருந்தது.

கப்பல் கரை சேர்ந்தது. புருஷன் கழுத்துக்கு மேலே பூசணிக்காய் அளவுப் பனியோடு வீடு திரும்பினான். சாப்பிடுகிறான், சிரிக்கிறான், சவரக்காரர் தடவிப் பார்த்து மழித்துவிடுகிறார். புழுக்கமான நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். தலையணை உறைதான் தினமும் நனைந்துபோகிறது. தங்கை தினமும் அந்த வெள்ளைக்குள் கையை விட்டு, மீசையைத் தொட்டுப் பார்த்து, அவன்தான் என்று தெரிந்துகொண்ட பிறகே விளக்கை அணைக்கிறாள். வறண்ட நாள் வரும்போதெல்லாம் பெயின்டர் தோள் வலிக்கிறது என்கிறான். தங்கைக்கு அவன் இன்னும் ஒரு முகம் பாக்கி வைத்திருக்கிறான்.